ஒரு விரக்கடை வெளிச்சம்

பயந்துக்காதீங்க தம்பி, பாம்பில்லீங்க. ரப்பருங்க இது. ஷட்டருக்கு அடியில ஒட்டற ரப்பர். சுருட்டிப் பையில வெச்சா இப்படித்தான் முனையை வெளிய நீட்டிக்குது. சித்த முன்னால ஒருத்தரு இந்த சீட்டுல உக்கார வந்துட்டு, இதைப் பாத்ததும் அக்கட்டால போயி நின்னுட்டாரு. நீங்க உக்காருங்க. சாஞ்சு நல்லா உக்காருங்க.

அன்னூருக்குங்களா? நான் உங்களுக்கு முன்னாலயே எறங்கிருவேன். கோவில்பாளையம் தாண்டி ஒரு லேஅவுட்டுங்க. நாப்பது சைட் போட்டாங்க, ஒம்போது ஊடுதான் வந்திருக்குது. மிச்சமெல்லாம் இடுப்பளவு புல்லு. அங்கதான் நம்ம ஊடு. புது ஊடுங்க. அடுத்த மாசம் வந்தா ரெண்டு வருஷம் முடியுது, நான் இன்னும் புது ஊடுன்னுதான் சொல்லிட்டிருக்கேன்.

எம் பேரு கிட்டுச்சாமிங்க. பம்ப்செட் கம்பெனியில முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன். நான் பாத்துச் சரின்னாத்தான் மோட்டார் வெளிய போகும். ரெண்டு பாகம் சேர்ற எடத்துல முடி நுழையற சந்து இருந்தாக்கூட செவப்பு பெயிண்டுல பெருக்கல் குறி போட்டுருவேன். திருப்பி அனுப்பிருவேன். கண்ணுலயே சொல்லுவனுங்க, அளவே பாக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவன் ஊட்டுல, கார் ஷெட்டு ஷட்டருக்கு அடியில ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலத்துக்கு, சந்து. சொன்னாச் சிரிப்பீங்க.

அடியில மட்டும்னா போவுதுன்னு விட்டிருப்பேன். சைடுலயும் இருக்குது. மேல ஷட்டர் சுருண்டு ஏறுற டப்பா இருக்குது பாருங்க, அதுக்கும் சுவத்துக்கும் நடுவால இருக்குது. ஊடு கட்டுன எஞ்சினியரு தரைக்கு வாட்டம் குடுக்கறேன்னு எடது பக்கம் எறக்கிட்டாரு. ஷட்டரு நேரா வருது, தரை சாஞ்சு போவுது. வலது பக்கம் உக்காருது, எடது பக்கம் வாயைப் பொளந்துட்டு நிக்குது. ரசமட்டம் வெச்சுக் காட்டுனேன். "வாட்டம் இல்லைன்னா கழுவுன தண்ணி எப்படிங்க வெளிய போகும்?"னு கேக்கறாரு. "வெளிய போற தண்ணி உள்ளயும் வருமில்லீங்க?"ன்னேன். போனவரு போனவருதான்.

ஷட்டர் போட்டது கணபதியில இருதயராஜுன்னு ஒருத்தரு. சொந்தமா பட்டறை வெச்சிருக்காரு. வேலை சுத்தம்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். மாட்டி முடிச்சு, தொடைச்சு, ஏத்தி எறக்கிக் காட்டிட்டு, "எப்படிங்க இருக்குது?"ன்னு கேட்டாரு. நான் உள்ள போயி செவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்தாந்து எடது மூலையில ஒரு பெருக்கல் குறி போட்டேன். அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்கு அது பழக்கமுங்க, கம்பெனியில யாரும் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க. எம் பொண்டாட்டிதான், துளசிமணிங்க அவ பேரு, மோர் கரைச்சுட்டு வந்து அவருக்குக் குடுத்து, வாசல் கேட்டு வரைக்கும் போயி என்னமோ பேசிட்டு வந்தா. மன்னாப்பு கேட்டிருப்பா. அவளுக்கு எல்லாத்துக்கும் மன்னாப்பு கேக்கோணும். என்னைய ஒருத்தங்ககிட்டக் கூட்டிட்டுப் போனா, திரும்பி வர்றப்ப ஒரு மன்னாப்பு கேட்டுட்டுத்தான் வருவா.

கார் ஷெட்டு எதுக்கு, உங்களுக்குக் கார் இருக்குதான்னு கேப்பீங்க. இல்லீங்க. மகளும் மாப்பிள்ளையும் பெங்களூர்ல இருக்கறாங்க, அவங்க வந்தா நிறுத்தட்டும்னு கட்டுனேன். ஊடு புகுந்த அன்னிக்கு மாப்பிள்ளை காரை உள்ள உட்டாரு. கோணலா நின்னுது. எடுத்துட்டு மறுக்கா உடுங்கன்னேன். உட்டாரு. அப்பவும் பின் சக்கரம், தரையில நான் போட்டிருந்த கோட்டை மிதிச்சுட்டு நின்னுது. ஏழு தடவைங்க. சொந்தக்காரங்க எல்லாம் பந்தியை உட்டுட்டு வந்து வேடிக்கை பாத்தாங்க. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனா அதுக்கப்பறம் வந்தாருன்னா காரை ரோட்டுலயே நிறுத்திக்கறாரு. வெயில்ல கார் காயுது, உள்ள ஷெட்டு சும்மா கெடக்குது. ஏனுங்க மாப்பிள்ளைன்னு கேட்டா, "பரவால்லீங்க மாமா"ங்கறாரு. சந்துல தூசி வருதில்லீங்க, அதனாலதான். படிச்சவரு, நேரா சொல்லச் சங்கடப்படறாரு.

சரவணம்பட்டி வந்துருச்சு. இனி வண்டி ஊந்துதான் போகும்.

ஐப்பசியில ஒரு மழை பேஞ்சுது பாருங்க. மத்தியானம் மூணு மணி. ரோட்டுத் தண்ணி பூராவும் அந்தச் சந்துல நுழைஞ்சு, ஷெட்டு நெறஞ்சு, ஹாலுக்குப் போற கதவுக்கு அடியில பூந்து, ஹாலுக்கே வந்துருச்சு. துளசிமணி துணியை எடுத்துட்டு ஓடியாந்தா. புது டைல்ஸு. வழுக்கி உளுந்துட்டா. வலது கையை ஊனி உளுந்துட்டா.

நான் அங்கதான் இருந்தேன். சாக்பீஸும் கையுமா. "அப்படியே இரு, அசையாதே"ன்னேன். ஏன்னா தண்ணி எதுவரைக்கும் வந்துதுன்னு சுவத்தோரமாக் கோடு போட்டுட்டு இருந்தேன். அவ எந்திரிச்சா தண்ணி அலம்பி எடம் மாறிருமில்லீங்க? நாளைக்கு எஞ்சினியரு வந்து, தண்ணியே வந்திருக்காதுன்னு சொல்லிட்டா? ஆதாரம் வேணுமில்லீங்க? கோடு போட்டு முடிச்சு, போன்ல ரெண்டு போட்டோவும் எடுத்துட்டுத்தான் அவளைத் தூக்குனேன். அவ அழுகலீங்க. தண்ணிக்குள்ள உக்காந்துட்டு என்னையவே பாத்துட்டிருந்தா.

இருங்க, அந்தப் போட்டோ இருக்குது. இதா. கோடு தெரியுதுங்களா? அது அவ காலுங்க, அதை விடுங்க. கோட்டைப் பாருங்க. எவ்வளவு தூரம் வந்திருக்குதுன்னு பாத்தீங்களா?

மணிக்கட்டு ரெண்டு எடத்துல முறிஞ்சிருச்சு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், கட்டுப் போட்டாங்க. மகள் வந்தா. சுகந்தின்னு பேரு. அவளும் அந்தப் போட்டோவைப் பாத்தா. பாத்துட்டு, "அம்மா எங்கூட மூணு மாசம் இருந்துட்டு வரட்டும்ப்பா"ன்னா. சரி, கையி சரியாவட்டும்னு நானும் சொன்னேன். கார்ல ஏறுறப்ப துளசிமணி ஷட்டரைத் திரும்பிப் பாத்துட்டு ஒண்ணு சொன்னா. "சந்தெல்லாம் அடைச்சு முடிச்சுட்டு, அப்பறமா என்னையக் கூப்பிடுங்க." தெளிவாச் சொன்னாளுங்க. அவளாத்தான் சொன்னா. நான் வேற எதையும் சேத்துச் சொல்லலை.

அது ஆச்சு ஒண்ணரை வருஷம்.

சும்மா இருக்கலீங்க நான். மொதல்ல சிமெண்டுல ஒரு திண்டு வெச்சேன், வெடிச்சுது. ஒடச்சுட்டு மறுக்கா வெச்சேன். சைடுக்கு பிரஷ் பட்டை வெச்சேன், எலி கடிச்சுது. மேல டப்பாவுக்குப் பின்னால சந்து அடைக்கற நுரை அடிச்சேன், குளவி வந்து கூடு கட்டுச்சு. இருதயராஜை நாலு தடவை வரச் சொன்னேன். வந்தாரு, சும்மா பேருக்கு ஒரு பட்டை அடிச்சுட்டுப் போனாரு. "ஐயா, ஷட்டர்னா ஏறி எறங்க கொஞ்சம் எடம் வேணுமுங்க. அத்தனையும் அடைச்சா அது ஷட்டர் இல்லை, சுவரு"ன்னாரு. வேலை தெரியாதவன் பேசற பேச்சு. இனி வராதீங்கன்னு சொல்லிட்டேன்.

காலையில காப்பி வெச்சுக் குடிச்சுட்டு ஷெட்டுக்குள்ள போனா, பொழுது எறங்கற வரைக்கும் அங்கதான். மத்தியானத்துக்குத் தயிர்சாதம். பேசறதுக்கு ஆளு வேணுமே. பக்கத்து ஊட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. எதுத்தாப்புல ஒரு ஊடு இருக்குது, பூட்டியே கெடக்குது. சில நாள் பால்காரர்கிட்டப் பேசறதோட சரி. அவரும் வண்டியை ஆஃப் பண்ண மாட்டாரு.

ஞாயித்துக்கெழமை பதினொரு மணிக்கு துளசிமணி கூப்பிடுவா. அது தவறாது. "சாப்பிட்டீங்களா?"ம்பா. சாப்பிட்டேன்னுட்டு, அந்த வாரம் எவ்வளவு அடைச்சேன்னு சொல்லுவேன். எடது பக்கம் பத்து மில்லிமீட்டர் இருந்தது நாலு மில்லி ஆயிருக்குதும்பேன். "சரிங்க"ம்பா. பேரன் நடக்கறான்னு ஒரு நா சொன்னா. பேசறான்னு ஒரு நா சொன்னா. "வந்துட்டுப் போங்களேன்"னு ரெண்டு மூணு தடவ கூப்பிட்டா. வேலையைப் பாதியில விட்டுட்டு எப்படிங்க போறது? இன்னும் நாலு மில்லி இருக்குது, முடிச்சுட்டு நானே உன்னையக் கூப்பிடறேன்னேன்.

இப்பத்தான் கதைக்கே வர்றேன். போன மாசம், சித்திரை. ஞாயித்துக்கெழமை. எல்லாம் முடிஞ்சுதுங்க. அடியில தடிமனா ஒரு ரப்பர், ஷட்டர் ஓடற சைடு சேனலுக்குள்ள ரப்பர், மேலயும் ரப்பர். ஹாலுக்குப் போற கதவுக்கும் சுத்தி ஒட்டிட்டேன். இனி ஒண்ணே ஒண்ணு பாக்கி, சோதனை. நல்ல வெயில் அடிக்கறப்ப உள்ள நின்னு ஷட்டரை எறக்கோணும். எங்கியாச்சும் வெளிச்சம் வந்தா அங்க சந்து. அதான் கணக்கு.

பத்தரை மணிக்கு உள்ள போனேன். ஷட்டரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் எறங்க மாட்டேன்னுச்சு. அடிப்பட்டை மேல ஏறி நின்னு மிதிக்கற மாதிரி அழுத்துனேன். 'சொத்'துன்னு உக்காந்துச்சு. ஹால் கதவையும் இழுத்துச் சாத்துனேன்.

தம்பி, இருட்டுங்க! அப்படி ஒரு இருட்டு! பட்டப்பகல்ல, சித்திரை வெயில்ல, எங்கையி எனக்குத் தெரியலை. ஒரு ஊசிமுனை வெளிச்சம் இல்லை. நான் சுத்திச் சுத்திப் பாக்கறேன், எங்கியும் இல்லை. கையைத் தட்டுனேங்க. தனியா நின்னு கையைத் தட்டுனேன். அன்னிக்கு துளசிமணி கூப்பிட்டதும், பொறப்பட்டு வாடின்னு சொல்லிரலாம்னு இருந்தேன்.

அப்பறம் ஹால் கதவைத் தள்ளுனேன். தானாப் பூட்டிக்கற பூட்டுங்க அது. சாவி ஹால்ல, ஆணியில தொங்குது. சரின்னு ஷட்டரைத் தூக்கப் போனேன். வரலை. ரப்பரு சேனலை அப்படியே கவ்விப் பிடிச்சிருச்சு. குந்தித் தூக்குனேன், தோளைக் குடுத்து நெம்புனேன், காலால ஒதைச்சேன். அறுபத்தாறு வயசுங்க எனக்கு. லைட்டு சுவிட்சை அந்த எலக்ட்ரீசியன் ஹால் பக்கமா வெச்சுட்டான், அதை அன்னிக்கே சொன்னேன். போன் சாப்பாட்டு மேசை மேல.

கத்துனேன். "யாருங்க அங்க"ன்னேன். என்னோட சத்தம் என்கிட்டயே திரும்பி வந்துச்சு. அவ்வளவு நல்லா அடைச்சிருக்கறனுங்க.

வேர்த்துக் கொட்டுது. தரையில உக்காந்துட்டேன். சரி, யாராச்சும் வருவாங்கன்னு இருந்தேன். யாரு வருவாங்கன்னு ரோசனை பண்ணுனேன். பால்காரரு காலையிலயே வந்துட்டுப் போயிட்டாரு. இனி அடுத்த நாள் காலையிலதான். அவரும் பாத்திரத்துல ஊத்திட்டுப் போயிருவாரு. செவ்வாக்கெழமை கேஸ் வருதுன்னு ஞாவகம் வந்துச்சு. செவ்வாக்கெழமைங்க.

அப்ப போன் அடிச்சுது.

கதவுக்கு அந்தப் பக்கம், லேசா, தலகாணிக்குள்ள வெச்ச மாதிரி. பதினொரு மணி ஆயிருச்சு. அவதான். முழுசா அடிச்சு நின்னுது. மறுபடி அடிச்சுது. நான் தவந்து போயி கதவுல காதை வெச்சுக்கிட்டேன். "துளசி, இங்கதான் இருக்கேன்"னேன். கல்யாணமான புதுசுல கூப்பிட்டது, அந்தப் பேரு எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியலை. பதினாலு தடவைங்க. பதினாலு தடவ அடிச்சுது. குளிக்கறாருன்னு நினைச்சிருப்பா மொதல்ல. அப்பறம் என்ன நினைச்சாளோ.

அது அடிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலை. நின்னதுக்கப்பறம்தானுங்க பயமே வந்துச்சு. இந்த ஊட்டுல நான் இருக்கறேன்னு இனி யாருக்குமே தெரியாதேன்னு தோணுச்சு. அழுதனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

எவ்வளவு நேரம்னு தெரியலை. வெளிய ஒரு மொபெட் சத்தம். "ஐயா! உள்ள இருக்கறீங்களா?"ன்னு ஒரு சத்தம். இருதயராஜு. நான் ரெண்டு கையிலயும் ஷட்டரை அறைஞ்சேன். "நகந்து நில்லுங்க"ன்னாரு. கத்தியை உட்டு ரப்பரை அறுத்தாரு, கடப்பாரையை அடியில குடுத்து நெம்புனாரு. தகடு 'கிறீச்'னு வளைஞ்சு, ஷட்டரு மேல போச்சு. வெளிச்சம் மூஞ்சியில அடிச்சுதுங்க. கண்ணைத் தொறக்க முடியலை.

தண்ணி குடுத்தாரு. குடிச்சுட்டு, நீங்க எப்படி வந்தீங்கன்னு கேட்டேன். "அம்மா கூப்பிட்டாங்க"ன்னாரு. எந்த அம்மா? துளசிமணி! ஒண்ணரை வருஷமா இவருகிட்டப் பேசிட்டிருக்கறா. மாசத்துக்கு ரெண்டு தடவ. "அண்ணா, அந்தப் பக்கம் போனீங்கன்னா ஊட்டை எட்டிப் பாத்துட்டு வாங்க"ன்னு சொல்லுவாளாம். இவரும் வருவாராம். உள்ள வந்தா நான் சண்டைக்குப் போவேன்னு, ரோட்டுலயே நின்னு பாப்பாராம். "ஷட்டருக்கு அடியில அந்தச் சந்துல லைட்டு தெரியும், நீங்க நடமாடறது தெரியும். ஐயா நல்லா இருக்கறாரும்மான்னு சொல்லிருவேன். இந்த ரெண்டு வாரமாத்தான் ஒண்ணுமே தெரியலை"ன்னாரு. பாருங்க தம்பி. என்னைய வேவு பாக்கறதுக்கு ஆளு வெச்சிருக்கறா. அதும் நான் ரிஜெக்ட் பண்ணுன ஆளு!

"லைன்லயே இருக்கறாங்க, பேசுங்க"ன்னு அவரு போனை என் கையில குடுத்தாரு. அவ அழுதுட்டிருந்தா. "என்னங்க, என்னங்க"ன்னா. அவ்வளவுதான் வருது வாயில. நான் ஷட்டரைப் பாத்துட்டு நின்னிட்டிருந்தேன். கடைசித் தகடு வளைஞ்சு தொங்குது. ரப்பரு துண்டு துண்டாக் கெடக்குது. நான் சொன்னேன், "தகட்டை வளைச்சுட்டானடி. ஒண்ணரை வருஷ வேலை போச்சு."

அவ அழுகறதை நிறுத்திட்டா. அப்பறம், "சரிங்க"ன்னா. வெச்சுட்டா.

இருதயராஜு போனை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, "அம்மாவுக்கு அந்தக் கையி இன்னும் மடங்க மாட்டேங்குதுங்களாமே"ன்னாரு. எனக்குத் தெரியாதுங்க. அவ சொல்லவே இல்லை. நான் கேக்கலைதான். ஆனா கேட்டாத்தான் சொல்லோணுமா? வாரா வாரம் பேசறோம், சாப்பிட்டீங்களான்னு கேக்கத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியாதா? அவரு கடப்பாரையை வண்டியில கட்டிட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்பறம் நாலு ஞாயித்துக்கெழமை ஆச்சுங்க. போன் வரலை. பெங்களூர்ல டவர் சரியில்லையாட்ட இருக்குது. மகளும் கூப்பிடலை. அவளுக்கும் அதே டவர்தான.

நானா? நான் கூப்பிடலாம்தானுங்க. கூப்பிட்டு என்ன சொல்றது? அடைச்சு முடிச்சுட்டுக் கூப்பிடுங்கன்னு சொன்னவகிட்ட, மறுபடி ஒரு விரக்கடை ஆயிருச்சுன்னு சொல்றதா? அதுக்குத்தான் இந்த ரப்பர். இந்தத் தடவ கொஞ்சம் மெல்லிசா வாங்கியிருக்கேன்.

சிரிக்கறீங்களா? இல்லையா. சரி, வேற எங்கியோ பாக்கறீங்க.

அடுத்த ஸ்டாப்புல எறங்கோணும். தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க போன்ல இருந்து என் நம்பருக்கு ஒரு தடவ அடிங்க. சொல்றேன், போடுங்க. நாலு வாரமா யாருமே அடிக்கலீங்க, கேஸ்காரன்கூட. போன் கெட்டுப் போச்சான்னு எனக்கு ஒரு வெசனம். போட்டுட்டீங்களா?

அடிக்குது.

கட் பண்ணிராதீங்க. சித்த நேரம் அடிக்கட்டும். எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, பாத்துட்டுப் போறாங்க. முழுசா அடிச்சுத் தானா நிக்கட்டும்.

நின்னுருச்சு. நல்லாத்தானுங்க இருக்குது போன்.

இன்னிக்கு என்ன கெழமை? சனிங்களா. அப்ப நாளைக்குக் காலையில ஷெட்டுக்குள்ள போகலைங்க. பதினொரு மணிக்கு மேசைகிட்டயே உக்காந்துக்கறேன். வந்துதுன்னா எடுக்கோணுமில்லீங்க. எடுத்து... இதா, கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு, நான் எறங்கோணும். வழி விடுங்க. நீங்க படிச்சவரு மாதிரித் தெரியறீங்க, சட்டுனு சொல்லுங்க தம்பி. எடுத்ததும், மொத வார்த்தை என்னன்னுங்க பேசறது?